வேசர் கரையில் இல்லாததற்கு எதற்கு வேசர் பெயர்?

மணற்கல்:
வட ஜெர்மனிப் பயணம் பற்றிய பேச்சில் ஆற்றோரம் என்பவர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "வேசர் மறுமலர்ச்சி என்று ஒரு கட்டடப் பாணியே கிடையாது, வேசர் ஆற்றின் கரையிலேயே இல்லாத அரண்மனைகளுக்கு வேசர் பெயரை ஒட்டிவிட்டார்கள்" என்கிறார். ஹேமல்ஷென்பர்க், பெவர்ன், ஷ்வோபர், இந்த அரண்மனைகளில் ஒன்றின் முற்றத்திலாவது நின்றிருந்தால் இப்படி எழுதக் கை வராது. 1520 வாக்கில் தொடங்கி, 1618ல் மூண்ட முப்பதாண்டுப் போர் வரைக்கும், தானிய விலை ஏறியதில் பணம் பார்த்தவர்களும் வெளிநாட்டுச் சண்டைகளுக்குக் கூலிப்படை நடத்திச் சம்பாதித்தவர்களும் ஊருக்கு ஊர் கட்டிய வீடுகள் அவை. பூவும் நட்சத்திரமுமாகக் குடைந்த கற்களைச் சுவரில் பட்டை பட்டையாக வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தபிறகும் பாணியே இல்லை என்பீர்களா?

ஆற்றோரம்:
இவ்வளவு எழுதியும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஹேமல்ஷென்பர்க் இருப்பது எம்மர் ஆற்றுப் பக்கம். லெம்கோவின் பிராக்க அரண்மனை பேகா ஓரம். செல்லே ஆல்லர் ஓரம். பாடர்போர்ன் நொய்ஹவுஸ் அரண்மனைப் பக்கம் பாடர் ஆறு லிப்பேயில் சேர்கிறது, லிப்பே ரைனுக்குப் போகிறது. வேசருக்கு அங்கிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் போவதில்லை. அப்புறம் என்ன வேசர்?

மணற்கல்:
எம்மர், பேகா, ஆல்லர் எல்லாமே சுற்றிவந்து வேசரில்தான் சேர்கின்றன. நொய்ஹவுஸில் வேலை செய்த அதே கட்டடக் கலைஞர் யோர்க் உன்கைர்தான் ஷ்டாட்ஹாகன் அரண்மனையையும் பீட்டர்ஸ்ஹாகனையும் கட்டினார். பீட்டர்ஸ்ஹாகன் வேசர் கரையிலேயே நிற்கிறது. ஒரே கையின் வேலை மூன்று ஊரில் இருந்தால் அதைச் சேர்த்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டாமா? ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், நீங்கள் நதிமூலம் மட்டும்தான் பார்க்கிறீர்கள்.

ஆற்றோரம்:
உன்கைர் எந்த ஊர்க்காரர்? டூபிங்கன் பக்கத்து லுஸ்ட்னாவ், அதாவது நெக்கார் கரை. இந்தப் பாணியின் அடையாளமாக நீங்கள் கொண்டாடும், கூரை முகப்பில் எழும் அரைவட்ட முகட்டுச்சுவர் ஹாலே பேராலயத்தில் முன்பே வந்துவிட்டது, அது சாலே ஆற்று ஊர். பெயரோ 1912ல் ரிச்சர்ட் கிளாப்ஹெக் என்ற ஆராய்ச்சியாளர் வைத்தது. கட்டியவர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைக் கேட்டதில்லை. நொய்ஹவுஸ் தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பயணி77:
லிப்பே வேசலில்தானே சேர்கிறது? அப்படியானால் மணற்கல் சொல்வது சரிதானே?

ஆற்றோரம்:
வேசல் என்பது ஊர், ரைன் கரையில் இருக்கிறது. வேசர் ஆறு. வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் எல்லோருக்கும் நல்லது.

பயணி77:
சரி, தெரியாமல் கேட்டேன், அதற்கு இவ்வளவு கோபமா? பெவர்ன் கட்டிய மியுன்ஷ்ஹவுசன்தானே பீரங்கிக் குண்டில் பறந்தேன் என்று கதை விட்டவர்?

மணற்கல்:
ஐயோ, இல்லை. 1603 முதல் 1612 வரை பெவர்னைக் கட்டியவர் ஷ்டாட்டியுஸ் ஃபொன் மியுன்ஷ்ஹவுசன். கடைசியில் கடன் முற்றித் திவாலானவர். கதைக்காரப் பிரபு போடன்வெர்டரில் 1720ல் பிறந்தவர், அதே குடும்பப் பெயர், நூறு வருடம் பிந்தியவர். சொத்தையே கரைத்து நான்கு பக்கமும் கட்டடம் எழுப்பிய மனிதரைப் புளுகர் ஆக்காதீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆற்றோரம்:
பேச்சை மாற்றிவிட்டார். போன வருடம் ஹைடல்பெர்க் விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். நான் ஒரு ஆண்டைத் தவறாக எழுதிவிட்டேன் என்று இருபது பதிவு போட்டீர்கள், கேள்வி அப்படியே கிடந்தது.

மணற்கல்:
தவறு தவறுதானே, அதை இன்னுமா மனதில் வைத்திருக்கிறீர்கள்? நான் பேசுவது கல்லைப் பற்றி. ஓபர்ன்கிர்ஷன் ஊரில் வெட்டிய மணற்கல்லை வேசர் வழியாகவே பிரேமன் துறைமுகத்துக்கு இறக்கினார்கள், அங்கிருந்து கப்பலேறி ஹாலந்து வரை போனதால் அதற்குப் பிரேமன் கல் என்றே பெயர் வந்தது. வெட்டிய இடம் பிரேமனே இல்லை, ஆனாலும் யாரும் சண்டை போடவில்லை. பெயர் வழியிலிருந்தும் வரும்.

ஆற்றோரம்:
கல்லுக்குப் பெயர் வைத்தது வியாபாரி, பாணிக்குப் பெயர் வைத்தது ஆராய்ச்சியாளர். இரண்டும் ஒன்றா?

ஹாமெல்ன்வாசி:
நான் ஹாமெல்ன் ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். எலிபிடிப்பவன் வீடு என்கிற பழைய வீடு, 1610ல் கட்டத் தொடங்கிய கல்யாண மண்டபம், இரண்டையும் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். நீங்கள் இருவரும் அரண்மனையை விட்டு இறங்கவே மாட்டீர்களா? ஊர்க்காரர்கள் கட்டிய வீடுகள் இந்தப் பாணியில் சேராதா?

மணற்கல்:
சேரும், யார் இல்லை என்றது? ஆனால் முதலில் இவர் பாணி உண்டு என்று ஒப்புக்கொள்ளட்டும். இன்று இரவு ஹேமல்ஷென்பர்க் படங்களைப் போடுகிறேன், அந்தக் குடைவுக் கற்களைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆற்றோரம்:
போடுங்கள். பக்கத்தில் ஓடுகிற ஆற்றின் பெயரையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள்.