ஒவ்வொரு முறையும் வேறு பிழைப் பெயருடன் நீலத்திரை: விண்டோசா, வன்பொருளா?

பதாகைக்கடை (ஜார்ஜ்டவுன்):

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் பதாகையும் அழைப்பிதழும் வடிவமைத்துக் கொடுக்கிறேன். தைப்பூசம் நெருங்குகிறது, தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் பந்தல் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். இந்த நேரம் பார்த்துக் கடைக் கணினி படுத்துகிறது. அழுமூஞ்சிக் குறியோடு நீலத்திரை வரும், விழுக்காடு ஓடும், தானாக மறுபடி தொடங்கும். போட்டோஷாப்பில் பெரிய படத்தைச் சேமிக்கும்போதும் வருகிறது. காலையில் யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதும் வருகிறது.

பிழைப் பெயரும் நிலையாக இல்லை. ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட், அடுத்த முறை ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், பிறகு பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா.

ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, விண்டோஸ் 10. முதலில் இரண்டு 8 ஜிபி ரேம் இருந்தது. தீபாவளிக்குப் பிறகு இன்னும் இரண்டு சேர்த்தேன். பழுது பார்ப்பவர், "விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, அதனால்தான்" என்று சொல்லி ரீஃபார்மட் செய்து கொடுத்தார். மறுநாளே நீலத்திரை.

இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை: நன்றாக இருந்த ஒரு படத்தைச் சேமித்துவிட்டுத் திறந்தால், முருகனின் நெற்றிக்குக் குறுக்கே பச்சைப் பட்டை ஓடுகிறது.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

பவர் சப்ளையைப் பாருங்கள். இங்கே மாலையானால் இடி மின்னல்தான். போன ஆண்டு என் வீட்டுக் கணினியும் இப்படித்தான் அடிக்கடி அணைந்துகொண்டிருந்தது. பவர் சப்ளையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஓய்வுபெற்ற_டெக்னீஷியன் (புக்கிட் மெர்தாஜாம்):

செந்தூல் தம்பி, உங்கள் கணினி அணைந்தது. தங்கச்சியின் கணினி பெயர் சொல்லிவிட்டு விழுகிறது. மின்சாரம் பட்டென்று போனால் நீலத்திரை எழுத விண்டோசுக்கு நேரமே கிடைக்காது. விண்டோசின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில், திடீரென அணைந்ததைச் சொல்லும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பு மட்டும் நிற்கும். பவர் சப்ளையை முற்றாக விட்டுவிடச் சொல்லவில்லை, வரிசையில் பின்னால் வைக்கலாம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பலகைகளைச் சோதிப்பதே என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரே டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். பெயர் மாறிக்கொண்டே இருந்தால், எல்லாரும் பொதுவாக மிதிக்கும் தரையில் ஓட்டை என்று பொருள். அந்தத் தரை ரேம். கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, பச்சைப் பட்டை, எனக்கு அதுதான் பெரிய தடயம். படம் ரேமில் இருக்கும்போதே கெட்டு, கெட்டபடியே வட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இன்றிலிருந்து பழைய கோப்புகளின் மேல் சேமிக்காதீர்கள். பழைய காப்புப் பிரதிகளையும் புதியவற்றால் அழிக்காதீர்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு நின்றது உண்மை. அதனால் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும், நீலத்திரை வராது. கெட்ட ரேமை வைத்துக்கொண்டு ரீஃபார்மட் செய்தால், புது விண்டோசும் அந்த ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகிறது.

இப்போது வேலை. பயோசில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணையுங்கள். உங்கள் செயலிக்கு இரண்டு ரேம் போட்டால் 3200 வேகம் வரை ஏஎம்டி உறுதி சொல்கிறது. நான்கு போட்டால் ரேமின் வகையைப் பொறுத்து 2933 அல்லது 2667 தான். இரண்டு வெவ்வேறு ஜோடிகளை 3200-இல் ஓட்டினால், ரேம் நல்லதாக இருந்தாலும் தடுமாறலாம். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, கடை அடைக்கும்போது ஓட விடுங்கள். "கொஞ்சம் பிழை பரவாயில்லை" என்ற பேச்சே கிடையாது. ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். வந்தால் ரேமை ஒவ்வொன்றாகத் தனியே சோதியுங்கள். எல்லாவற்றையும் மதர்போர்டில் ரேம் செருகும் ஒரே பள்ளத்தில் வைத்தே சோதிக்க வேண்டும். பெரும்பாலான பலகைகளில் செயலியிலிருந்து இரண்டாவது பள்ளம். இல்லாவிட்டால் கெட்டது ரேமா, பள்ளமா என்று தெரியாமல் போகும். கழற்றும் முன் மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்.

நீலத்திரை வரும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் மினிடம்ப் கோப்பைத் திறந்து, விண்டோசின் மையப் பகுதியான "என்டிஓஎஸ்கெர்னல்" பெயரைப் பார்த்து விண்டோசைத் திட்டாதீர்கள். விழுந்த இடத்தில் நின்றவன் பெயர் அது, தள்ளிவிட்டவன் பெயரன்று.

பதாகைக்கடை:

ஐயா, எக்ஸ்எம்பியை அணைத்தபின்னும் காலையில் வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பழைய இரண்டும் சுத்தம். புதியதில் ஒன்று சுத்தம், மற்றொன்றில் முதல் சுற்று முடியும் முன்பே சிவப்பு. இப்போது பழைய 16 ஜிபியோடு ஓட்டுகிறேன். மெதுவாக இருந்தாலும் விழவில்லை. கெட்டதை மட்டும் மாற்றிக் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற_டெக்னீஷியன்:

ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே திருப்பிக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் வேறு சில்லு உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். பல ரேம்களுக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. பில்லையும் சிவப்பு வரிகளின் படத்தையும் கொண்டுபோங்கள். அந்த ரீஃபார்மட் கெட்ட ரேமோடு நடந்ததால், நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து விண்டோஸ் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்தும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள். ரேம் சேர்த்த நாளிலிருந்து சேமித்த படங்களை, அச்சுக்கு அனுப்பும் முன் பெரிதாக்கி ஓரம் முதல் ஓரம் வரை பாருங்கள்.

செந்தூல்வாசி:

புது ஜோடி வந்ததும் அதையும் ஓர் இரவு மெம்டெஸ்டில் போட்டுவிட்டு எழுதுங்கள், அக்கா. நானும் ரேம் சேர்க்கத்தான் இருக்கிறேன்.