டிரம்ப் கணக்கும் பாலு சித்தப்பா கணக்கும்

குழு: பெரிய வீடு, கும்பகோணம்

பாலு சித்தப்பா 6:41
[பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது]
அமெரிக்க அதிபரின் சொத்துக் கணக்கைக் கேட்க நாடாளுமன்றத்துக்கே உரிமை கிடையாது!! உச்ச நீதிமன்றம் அதிரடி!! 10 பேருக்காவது அனுப்பவும்!!

மீனா 6:43
சித்தப்பா, இது 2020 ஜூலை மாசத் தீர்ப்பு. இப்பதான் உங்ககிட்ட வந்து சேந்திருக்கு

மீனா 6:43
அதையும் தப்பா போட்டிருக்காங்க. உரிமை கிடையாதுன்னு கோர்ட் சொல்லவே இல்ல

பாலு சித்தப்பா 6:44
உனக்கெப்படித் தெரியும்

அம்மா 6:44
நாளைக்கு காலேஜ்ல அவளுக்கு மூட் கோர்ட், அதான் பசங்க வக்கீல் மாதிரி வாதாடிப் பழகற போட்டி. இந்தக் கேஸைத்தான் குடுத்திருக்காங்களாம். மத்தியானச் சோறு அப்படியே மூடி வெச்சது வெச்சபடி இருக்கு

மீனா 6:45
டிரம்ப் எதிர் மேசர்ஸ். நான் சபை பக்கம், அதாவது அவங்க நாடாளுமன்றத்தோட கீழ்சபை 😭

பெரியப்பா 6:46
மெஸர்ஸ் என்றால் கடைப் பெயருக்கு முன்னால் போடுவோமே, அதுவா?

கார்த்தி அண்ணன் 6:47
இல்லப்பா, மேசர்ஸ்ங்கறது கணக்கு எழுதற கம்பெனி. டிரம்புக்குப் பல வருஷம் அவங்கதான்

கீதா அத்தை 6:48
எல்லாம் இருக்கட்டும். பாலு, கோயில் படையல் கணக்கு என்னடா ஆச்சு? வீட்டுக்கு 2,000 குடுத்தோம்

பாலு சித்தப்பா 6:48
அக்கா, முதல்ல அமெரிக்காவ முடிப்போம்

மீனா 6:50
2019 பிப்ரவரில மைக்கேல் கோஹன்னு டிரம்போட பழைய வக்கீல் சபைக் குழு முன்னாடி சாட்சி சொன்னார். கடன் வாங்கறப்ப சொத்தை ஏத்திக் காட்டுவார், வரின்னு வந்தா இறக்கிக் காட்டுவார்னு. ஏப்ரல்ல மூணு குழு சம்மன் அனுப்பிச்சு. ஒண்ணு மேசர்ஸுக்கு, மத்ததெல்லாம் டாய்ச்சே பேங்க், கேபிடல் ஒன் பேங்குக்கு

மீனா 6:50
டிரம்புக்கு நேரா ஒண்ணுகூடப் போகல. கணக்கு வெச்சிருக்கறவங்களுக்குத்தான் போச்சு

பெரியப்பா 6:53
34 வருடம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன். ஒருவர் கணக்கை இன்னொருவர் கேட்டு வந்தால் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி: எந்தச் சட்டப்படி? இரண்டாவது: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? மொத்தமாக எடுத்துக் கொடு என்றால் போய் வா என்று அனுப்பிவிடுவேன்.

மீனா 6:54
பெரியப்பா!! கோர்ட் கேட்டதும் ஏறக்குறைய இதேதான்

மீனா 6:55
மேசர்ஸ்கிட்ட 2011லேர்ந்து 2018 வரைக்கும் எட்டு வருஷக் காகிதம். டாய்ச்சே பேங்க்ல 2010லேர்ந்து. டிரம்ப், பிள்ளைங்க, பிள்ளைங்களோட குடும்பம், கம்பெனிங்க எல்லாமே

பெரியப்பா 6:56
சம்பந்தி வீட்டை மட்டும் விட்டார்களாக்கும்.

பாலு சித்தப்பா 6:57
அப்ப நான் அனுப்பினது சரிதானே. டிரம்ப் ஜெயிச்சாரு

மீனா 6:59
இல்ல சித்தப்பா. நீதிபதிங்க 7-க்கு 2ன்னு பிரிஞ்சு தீர்ப்பு. டிரம்பே நியமிச்ச ரெண்டு பேரும் அந்த ஏழுலதான் இருக்காங்க. ரெண்டு பக்கமும் கேட்டது கிடைக்கல. அப்ப அதிபரா இருந்த நிக்சனோட ஆபீஸ் பேச்சு டேப் வழக்குல (1974) சொன்ன மாதிரி, இது இல்லாட்டி முடியவே முடியாதுங்கற தேவையை சபை நிரூபிக்கணும்னு டிரம்ப் தரப்பு கேட்டுச்சு. அது ஆபீஸ் ரகசியப் பேச்சுக்கான அளவுகோல், சொந்தக் கணக்குப் புஸ்தகத்துக்கு இல்லைன்னு தள்ளிட்டாங்க

மீனா 7:00
சட்டம் போட உதவும்னா எதையும் கேக்கலாம்னு சபை சொன்னதையும் ஏத்துக்கல. எதைப்பத்தி வேணா சட்டம் போடலாமே, அப்ப எல்லை எங்கன்னு கேட்டுட்டாங்க

மீனா 7:02
நான் பயப்படறதே இந்த எடத்துக்குத்தான். 2020 மே 12ம் தேதி வாதம். கொரோனா, அதனால எல்லாம் போன்லயே. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சபை வக்கீல்கிட்ட, சபை சட்டமே போட முடியாத விஷயம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்கன்னார். அவரால ஒண்ணுகூட சொல்ல முடியல. மத்த நீதிபதிங்களும் மாத்தி மாத்தி அதையே கேட்டாங்க. மனுஷன் சுத்திச் சுத்தி அங்கயே நின்னார். கேக்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு

கார்த்தி அண்ணன் 7:03
டாய்லெட் ஃபிளஷ் சத்தம் கேட்டதும் அந்த வாதத்துலதானே 😂

மீனா 7:03
அது ஒரு வாரம் முன்னாடி, வேற கேஸ்

அம்மா 7:04
சுப்ரீம் கோர்ட்லயா? கர்மம்

பெரியப்பா 7:06
விசாரிக்கும் அதிகாரம் அவர்கள் அரசியல் சாசனத்தில் எந்த விதியில் இருக்கிறது?

மீனா 7:08
எதுலயும் இல்ல பெரியப்பா. காங்கிரஸ் விசாரிக்கலாம்னு ஒரு வரிகூட கிடையாது

கீதா அத்தை 7:08
காங்கிரஸா? அது எங்க வந்துச்சு நடுவுல

மீனா 7:09
அத்தை, அவங்க நாடாளுமன்றத்துக்குப் பேரே காங்கிரஸ். கதர்ச் சட்டை இல்ல

மீனா 7:12
சட்டம் போடறவனுக்கு விவரம் தெரிஞ்சாகணும், அதனால கேக்கற அதிகாரம் தானா கூட வருதுங்கறதுதான் அடிப்படை. 1927ல ஒரு வழக்கு. அட்டர்னி ஜெனரலா இருந்த ஹாரி டாகர்ட்டி மேல செனட், அதாவது மேல்சபை, விசாரணை. அவர் கூடப் பொறந்த மாலி டாகர்ட்டி ஒஹாயோல ஒரு பேங்க் தலைவர். வா, பேங்க் காகிதத்தையும் எடுத்துட்டு வான்னாங்க. வரமாட்டேன்னுட்டார். ஆளனுப்பிப் பிடிச்சாங்க. செனட் பக்கந்தான் கோர்ட் நின்னுச்சு

பெரியப்பா 7:13
பாவம், மேனேஜர் பாடு எங்கும் ஒன்றுதான்.

மீனா 7:15
அதுக்கு முன்னாடி 1870கள்ல கில்போர்ன்னு ஒருத்தர் வாய் திறக்கலைன்னு சபையே அவரை 45 நாள் உள்ள வெச்சிருந்துச்சு. அது தப்பு, தனியாள் சொந்த விவகாரத்தைத் தோண்டறது சபை வேலை இல்லைன்னு பின்னாடி தீர்ப்பு. சட்டத்துக்குத் தேவைன்னா கேக்கலாம், போலீஸ் வேலை பாக்கக் கூடாது, சும்மா ஒருத்தர் மானத்தை வாங்கவும் கேக்கக் கூடாது

பாலு சித்தப்பா 7:16
இது நல்லா இருக்கு. கீதாக்கா, படிச்சீங்களா?

கீதா அத்தை 7:16
படிச்சேன். கணக்கு எங்க

கார்த்தி அண்ணன் 7:19
மீனா, அதே நாள் வந்த இன்னொரு தீர்ப்பையும் சொல்லு. நியூயார்க் மன்ஹாட்டன் அரசு வக்கீல் சைரஸ் வான்ஸோட கிரிமினல் விசாரணை வழக்கு. அதே மேசர்ஸ், கிட்டத்தட்ட அதே காகிதம். அதுலயும் 7-2தான். அதிபரா இருந்தாலும் தப்ப முடியாதுன்னாங்க. 2021 பிப்ரவரில காகிதம் அவர் கைக்குப் போயிடுச்சு

பாலு சித்தப்பா 7:20
ஒரே காகிதம். ஒருத்தனுக்கு உண்டு, ஒருத்தனுக்கு இல்லையா? நல்லா இருக்கு நியாயம்

மீனா 7:22
கிரிமினல் விசாரணைன்னா அந்த ஆள் என்ன செஞ்சார்ங்கறதுதான் கேள்வி, அவர் காகிதம் இல்லாம முடியாது. சட்டம் போடறதுக்குப் பொதுவான விவரம் போதும். வேற எடத்துல கிடைக்கும்னா அதிபரை இழுக்காதேன்னு ராபர்ட்ஸ் எழுதினார். அதிபர் பதவியும் சபையும் எதிரெதிர் கட்சி கையில இருக்கலாம். சம்மன் அப்ப அடிக்கற கம்பா மாறிடும்ல

மீனா 7:23
அதனால தேவைக்கு மேல அகலமா கேக்காதே, எந்தச் சட்டத்துக்குன்னு விவரமா எழுது, அதிபர் வேலை கெடாம பாத்துக்கோன்னு சொல்லி கீழ் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க

கார்த்தி அண்ணன் 7:26
இந்தத் திருப்பி அனுப்பினதுலதான் எல்லாமே போச்சு. சம்மன் 2019 ஏப்ரல். 2021 ஆகஸ்ட்ல ஒரு நீதிபதி குறைச்சார். 2022 ஜூலைல மேல்கோர்ட் இன்னும் குறைச்சது. செப்டம்பர்ல சமரசம். அதுக்குள்ள டிரம்ப் முதல் தடவை வெள்ளை மாளிகைய காலி பண்ணி ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. டிரம்ப் ஜெயிச்சது தீர்ப்புல இல்ல, காலண்டர்ல

பெரியப்பா 7:27
வாய்தா வாங்கியே ஜெயிப்பது நம் கோர்ட் வித்தை என்றிருந்தேன்.

மீனா 7:28
இதுக்கு முன்னாடி இப்படி ஒரு சண்டை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வந்ததே இல்லையாம். முதல் அதிபர் வாஷிங்டன் காலத்துலேர்ந்து அதிபரும் காங்கிரஸும் பேரம் பேசியே முடிச்சிருக்காங்க. கொஞ்சம் குடு, கொஞ்சம் விடுன்னு

கார்த்தி அண்ணன் 7:31
நடுவுல இன்னொரு கூத்து. 2022 பிப்ரவரில மேசர்ஸே டிரம்பை விட்டு விலகிட்டாங்க. 2011லேர்ந்து 2020 வரைக்கும் நாங்க செஞ்ச சொத்து அறிக்கைய இனி நம்பாதீங்கன்னு லெட்டர். அதெல்லாம் ஆடிட்கூட கிடையாது, கம்பைலேஷன். கஸ்டமர் குடுக்கற நம்பரை ஒழுங்கா அடுக்கித் தர்றது, அவ்வளவுதான். இருந்தாலும் பத்து வருஷ அறிக்கைக்கு அப்படி லெட்டர் போடறதுன்னா, இந்தத் தொழில்ல இருக்கறவனுக்கு வயித்தைக் கலக்கும்

அம்மா 7:32
நீ யாருக்கும் அப்படி எழுதிக் குடுக்காதேப்பா

கார்த்தி அண்ணன் 7:32
சரி சித்தி 😂

பெரியப்பா 7:35
இங்கே வார்டு கவுன்சிலருக்கு நிற்பவன்கூட வேட்புமனுவோடு சொத்து விவரம் கொடுக்கிறான். அங்கே அதிபரைக் கேட்க வழியே இல்லையா?

கார்த்தி அண்ணன் 7:37
1978 சட்டப்படி வருஷா வருஷம் சொத்து விவரம் குடுக்கணும்ப்பா. ஆனா இத்தனைலேர்ந்து இத்தனைக்குள்ளன்னு ரேஞ்சாத்தான் இருக்கும். வரிக் கணக்கு காட்டணும்னு சட்டம் இல்ல. பழக்கமா காட்டிட்டு வந்தாங்க. இவர் காட்டல

மீனா 7:41
வரிக் கணக்கு தனி ரூட். நாளைக்கு என் துருப்புச் சீட்டு அதுதான். 1924லயே ஒரு சட்டம் இருக்கு. சபையோட வரிக் குழுத் தலைவர் எழுத்துல கேட்டா யாரோட வரிக் கணக்கையும் குடுக்கணும். 2019 ஏப்ரல் 3, அப்ப அந்தத் தலைவரா இருந்த ரிச்சர்ட் நீல் டிரம்போட ஆறு வருஷக் கணக்கு கேட்டு லெட்டர் போட்டார். காரணமும் எழுதினார்: அதிபரோட கணக்கை வரித்துறை வழக்கமா தணிக்கை பண்ணணும்னு விதி, அது ஒழுங்கா நடக்குதான்னு பாக்கணும்

பாலு சித்தப்பா 7:42
சாக்கு

மீனா 7:44
எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. கருவூலச் செயலர் முடியாதுன்னுட்டார். மூணரை வருஷம் கோர்ட். 2022 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் தடை தர மறுத்துடுச்சு. குழு கையில கணக்கு வந்து பாத்தா, டிரம்ப் முதல் தடவை அதிபரா வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல, அப்ப போட்ட கணக்குக்குத் தணிக்கையே ஆரம்பிக்கல. முதல் நோட்டீஸ் போன தேதி என்ன தெரியுமா?

பெரியப்பா 7:44
சொல்.

மீனா 7:45
2019 ஏப்ரல் 3. நீல் லெட்டர் போட்ட அன்னைக்கே

பெரியப்பா 7:46
அடேயப்பா. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றதும் லெட்ஜரைத் தூசி தட்டிய கிளைகளைப் பார்த்திருக்கிறேன். அதே கதை.

கீதா அத்தை 7:47
எவ்வளவு வரி கட்டியிருந்தாராம்?

கார்த்தி அண்ணன் 7:48
2016ல 750 டாலர். 2017லயும் 750. 2020ல ஒண்ணுமே இல்ல. 2018ல மட்டும் பத்து லட்சம் டாலர்கிட்ட. நஷ்டக் கணக்கு காட்டிக் கழிச்சது

கீதா அத்தை 7:49
என் பென்ஷன்ல அதைவிட அதிகமா பிடிக்கறான்!

பெரியப்பா 7:50
நிக்சனும் 1970இல் 800 டாலருக்குள்தான் கட்டினார் என்று வாசித்த ஞாபகம்.

மீனா 7:51
ஆமா பெரியப்பா. நான் மோசடிக்காரன் இல்லைன்னு அவர் 1973ல சொன்னதே பணக் கேள்விக்குப் பதிலாத்தான். எதிர்க்கட்சி ஆபீஸ்ல நடந்த வாட்டர்கேட் திருட்டைப் பத்தின்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. அவர் கணக்கைக் காங்கிரஸோட கூட்டு வரிக் குழுகிட்ட தானாவே குடுத்தார். நாலே முக்கால் லட்சம் டாலருக்கு மேல பாக்கின்னு வந்துச்சு

கார்த்தி அண்ணன் 7:53
மீனா, எதிர்ப்பக்கம் இதை எடுப்பாங்க, ரெடியா இரு. 2023ல சபை டிரம்போட குடியரசுக் கட்சி கைக்கு வந்ததும் அவங்களே அப்ப அதிபரா இருந்த பைடன் மகனோட கூட்டாளிங்க பேங்க் கணக்குக்கு சம்மன் விட்டாங்க. எல்லை இல்லாத அதிகாரம்னு நீ வாதாடினா அது அவங்களுக்கும் சேத்துதான்

மீனா 7:55
அதான் மாத்திட்டேன் அண்ணா. எல்லாத்தையும் கேக்கலாம்னு சொல்லப் போறதில்ல. எல்லை கேட்டா நானே முதல்ல சொல்லிடுவேன்: அவர் சின்ன வயசு ஆஸ்பத்திரிச் சீட்டு, காதல் கடிதம், இதெல்லாம் வேணாம். அப்புறம் ஏப்ரல் 3

பாலு சித்தப்பா 7:56
அப்ப கீதாக்கா, நீங்களும் எழுத்துல குடுங்க. எந்தக் காரணத்துக்காக கணக்கு? எந்தத் தேதிலேர்ந்து?

கீதா அத்தை 7:57
ஏண்டா, உன் பாஸ்புக்கையா கேட்டேன்? ஒரு நாள் படையல். சாமியானா, சமையல், கிடா

பாலு சித்தப்பா 7:57
பெரிய அண்ணன் சொல்லட்டும்

பெரியப்பா 7:58
கோரிக்கை குறுகலாகத்தான் இருக்கிறது. கொடுத்துவிடு.

பாலு சித்தப்பா 7:59
நோட்டு கடைல இருக்கு. வாய்தா வேணும்

கீதா அத்தை 8:06
வேணாம். வேற எடத்துல கிடைச்சா அங்க போன்னு மீனா சொன்னாள்ல? சமையல்கார மணிக்கு இப்பதான் போன் போட்டேன். 18,000 வாங்கினானாம். நீ 23,000னு சொன்னே

பாலு சித்தப்பா தட்டச்சு செய்கிறார்…

அம்மா 8:09
மீனா, சோறு சுட வெச்சிட்டேன். வா