எங்கள் வீட்டுக் குழுவில்: விண்டோஸ் 98-ஆ, எக்ஸ்பியா?

*வெள்ளி*

பெரியப்பா, காலை 7.05
திருப்பாதிரிப்புலியூர் அச்சகத்துப் பழைய கம்ப்யூட்டர் இரண்டையும் எடைக்குப் போடப் போகிறேன். பரணில் இடம் வேண்டும்.

அத்தை, 7.09
அண்ணா, எங்கள் கல்யாணப் பத்திரிகை அதில்தானே அடித்தது?

பெரியப்பா, 7.11
அதேதான். 2001 ஆவணி, திருவந்திபுரம். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நானே வைத்த பக்கம்.

அத்தை, 7.12
அப்போ போடக் கூடாது. அந்தப் பத்திரிகையில் எங்கள் மாமியார் பெயர் விட்டுப்போன கணக்கு இன்னும் பாக்கி.

பெரியப்பா, 7.14
நீங்கள் எழுதிக் கொடுத்த தாளிலேயே இல்லை என்று நூறு தடவை சொல்லிவிட்டேன்.

தம்பி, 7.30
பெரியப்பா, நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் எக்ஸ்பி போட்டுவிடலாம். பின்பால் விளையாட்டு கூடவே வரும்!

லாஸ்பேட்டை மாமா, 7.33
பொறு. முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நான், 9.20
பார்த்துவிட்டேன் மாமா. சின்னது பென்டியம் 3. ராம் 128 எம்பி, டிஸ்க் 20 ஜிபி. 98-இன் மேகப் படம் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. பெரியது பென்டியம் 4, ராம் 1 ஜிபி, டிஸ்க் காலி, அணைத்தால் தேதியை மறந்துவிடுகிறது. கெப்பாசிட்டர் எதுவும் வீங்கவில்லை. தானே புயலில் ஓடு பறந்தபோது சுற்றின தார்ப்பாய்க் கயிறு இன்னும் பென்டியம் 3-இல் கட்டியபடியே இருக்கிறது.

மாமா, 9.31
தேதிக்கு 2032 பேட்டரி போடு, கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பென்டியம் 4-க்கு எக்ஸ்பி, மூன்றாவது சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) சேர்ந்தது. அதற்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, நெட் ஒயரை மட்டும் மாட்டாதே.

தம்பி, 9.33
அப்போ அதிலும் 98 போட்டால்?

மாமா, 9.36
512 எம்பிக்கு மேல் ராம் இருந்தால் 98 தடுமாறும். 1 ஜிபியை வைத்துக்கொண்டு ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லும்! சோறு அதிகமாகிவிட்டது என்று பந்தியிலிருந்து எழுந்து போகிற ஆள். சிஸ்டம் ஃபைலில் ஒரு வரி சேர்த்துச் சரிக்கட்டலாம், ஆனால் எதற்கு வீண் வேலை?

பெரியப்பா, 9.50
பென்டியம் 3-க்குப் பின்னால் பிரிண்டர் ஒயர் மாட்டுகிற இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. கழற்றிவிடட்டுமா?

மாமா, 9.50
ஐயோ, தொடாதீர்கள் மச்சான்!!

மாமா, 9.58
அது டாங்கிள். உங்கள் தமிழ் மென்பொருளின் பூட்டு. 98-இல் புரோகிராம் நேரே போய் அந்த போர்ட்டைத் தொட்டுப் பார்க்கும். விண்டோஸ் 2000, எக்ஸ்பி இரண்டும் என்.டி. என்கிற வேறு குடும்பம். எந்த புரோகிராமையும் வன்பொருளை நேரே தொட விடாது, நடுவில் டிரைவர் என்கிற இணைப்பு மென்பொருள் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறதா?

பெரியப்பா, 10.02
சிடி உறையில் 98 என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

மாமா, 10.04
அப்போ பென்டியம் 3-க்கு 98 இரண்டாம் பதிப்புதான். அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் எம்.இ. பேச்சையே எடுக்காதீர்கள்.

அத்தை, 10.05
ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வருகிறீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

*சனி*

நான், காலை 11.15
எக்ஸ்பி ஏறிவிட்டது மாமா. பென்டியம் 3-இன் பழைய டிஸ்க்கில் ஜம்பர் முள்ளை ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) பக்கம் மாற்றி இதில் மாட்டினேன். ஃபைல்களை அடுக்கியிருக்கும் முறை ஃபேட் 32 என்பதால் உடனே படித்துவிட்டது. எல்லாவற்றையும் காப்பி எடுத்தாயிற்று.

மாமா, 11.17
நல்லது. ஆர்வக்கோளாறில் அந்த டிஸ்க்கை என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிவிடாதே, அதை 98-க்குப் படிக்கத் தெரியாது.

தம்பி, 12.40
பீரோவில் இருந்த பேஜ்மேக்கர் சிடியைப் போட்டுப் பத்திரிகையைத் திறந்தோம். ஒரே ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக இருக்கிறது. ஃபைல் போய்விட்டதா?

மாமா, 12.52
போகவில்லை. அது எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு முந்தைய தமிழ். ஆங்கில எழுத்துக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருப்பதுதான் தெரியும். ஆளுக்கொரு முறை வைத்திருந்ததால்தான் 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டேப் என்று இரண்டு குறியீட்டு முறைகளாகத் தரப்படுத்தினார்கள். விண்டோஸுக்குள்ளேயே லதா என்ற தமிழ் எழுத்துரு வந்தது விண்டோஸ் 2000-இல்தான். பென்டியம் 3-இல் ஃபார்மேட் பண்ணாமல் பழைய 98 மேலேயே 98 போடு, எழுத்துரு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான், மாலை 6.48
ஏறிவிட்டது! டாங்கிளையும் எடுத்துக்கொண்டது. தமிழ் அழகாகத் தெரிகிறது. ஆனால் கல்யாணம்-1, கல்யாணம்-2 என்று இரண்டு ஃபைல் இருக்கிறதே பெரியப்பா?

அத்தை, 6.49
இரண்டையும் திற.

நான், 6.57
கல்யாணம்-1-இல் உங்கள் மாமியார் பாட்டியின் பெயர் இருக்கிறது அத்தை. கல்யாணம்-2-இல் இல்லை.

மாமா, 6.58
வேறு என்ன வித்தியாசம்?

நான், 7.01
கீழே அச்சகத்தின் பெயருக்கு எழுத்தளவு முதலாவதில் 10 புள்ளி, இரண்டாவதில் 18 புள்ளி. இடம் போதாமல் மேலே ஒரு வரி போயிருக்கிறது.

அத்தை, 7.01
அண்ணா?

அத்தை, 7.10
இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது அண்ணா.

பெரியப்பா, 7.26
நாளை காலை துறைமுகத்துக்குப் போகிறேன். மாப்பிள்ளைக்கு வஞ்சிரமா, சங்கராவா?