மறு: தாழ்தர அழற்சி, நீறழற்சி, உட்கனல் – 'ஆறா அழற்சி' என்று வைப்போமா?

குழுவினருக்கு வணக்கம்.

உடம்புக்குள் வெளியே தெரியாமல் நாட்கணக்கில் அடங்காமல் நிற்கும் அழற்சிக்கு நாங்கள் தேடும் தமிழ்க் கலைச்சொல்லாக நான் முன்வைத்த 'உட்கனல்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அதை ஆதரித்து எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், இங்கே திருகோணமலையில் ஒரு கிழமை நாலு பேரிடம் சொல்லிப் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன். பதிலுக்கு 'ஆறா அழற்சி' என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: காலில் முள் குத்தினால் வரும் அழற்சிக்கு நாங்கள் சொல் தேடவில்லை. அதற்கு 'அழற்சி' இருக்கிறது, மூட்டழற்சி, ஈரலழற்சி, தோலழற்சி என்று பாடப்புத்தகம் வரை போய்விட்டது, இனி யாரும் அதை அசைக்கத் தேவையில்லை. சிவப்பு, வீக்கம், சூடு, நோ என்று அதன் நாலு அடையாளங்களையும் ரோமானியரான செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். எங்களுக்குச் சொல் வேண்டியது இந்த நாலில் ஒன்றும் வெளியே தெரியாத அழற்சிக்கு. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு, தூக்கம் கெடுவது, புகைப்பது, ஈறு நோய் என்று பல காரணங்களால் உடம்பின் காவல் வேலை சன்னமாக ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது, ஈரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை நுண்ணளவில் பார்த்தால்தான் பிடிபடும். லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதய நோய்க்கான ஆபத்துக் குறைவு, 3க்கு மேலே என்றால் கூட என்பது கணக்கு (காய்ச்சலோ தடிமனோ உள்ள நேரத்தில் பார்த்தால் இந்தக் கணக்குச் சரிவராது). ஆங்கிலத்தில் 'குரோனிக் லோ கிரேட் இன்ஃபிளமேஷன்' என்கிறார்கள். இதற்குக் குழுவில் வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> தாழ்தர நாட்பட்ட அழற்சி என்பதே துல்லியம். மூலத்தில் உள்ள எல்லாம் வந்துவிடுகிறது.

எல்லாம் வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் 'தரம்' என்றதும் தமிழ்க் காதுக்கு எது வருகிறது? தரம் குறைந்த அரிசி, தரமில்லாத சீமெந்து. 'தாழ்தர அழற்சி' என்று கேட்பவருக்கு அப்ப உயர்தர அழற்சி நல்லதோ என்று தோன்றும், அதுவும் இலங்கையில் உயர்தரம் என்றால் பரீட்சைதான் நினைவுக்கு வரும். அளவைச் சொல்ல வேண்டிய இடத்தில் மதிப்பைச் சொல்லும் சொல் வந்து நிற்கிறது.

> நீறு பூத்த நெருப்பு நம்மிடம் இருக்கும்போது ஏன் தேடுகிறீர்கள்? நீறழற்சி.

இதை எழுதிய ஐயாவின் மடலை நான் இரண்டு தரம் வாசித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நீறழற்சி, நீரழற்சி, நீரிழிவு. கிளினிக் வரிசையில் காத்திருக்கிறவரின் காதுக்கு ற, ர வேறுபாடு எட்டாது. இந்த அழற்சியும் நீரிழிவும் பெரும்பாலும் ஒரே ஆளிடம் கூடி வருபவை வேறு, எதைச் சொல்கிறார்கள் என்றே அவருக்கு விளங்காது.

இனி என்னுடைய உட்கனல். தம்பலகாமத்தில் அரிசி ஆலைக்குப் பின்னால் உமியைக் குவித்து எரிப்பதைப் பார்த்துத்தான் அந்தச் சொல் எனக்கு வந்தது. மேலே சாம்பல் நிறம், புகைகூட நூல் மாதிரித்தான், சுவாலையே இல்லை. தடியை விட்டுக் கிளறினால் உள்ளே செக்கச்செவேல் என்று கிடக்கிறது, முதல்நாள் இரவு மழை தூறியும் அணையவில்லை. இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது என்று நினைத்தேன். 'உள்தணல்' என்று வைத்தால் புணர்ச்சியில் உட்டணல் ஆகிவிடும், அதனால் உட்கனல். அந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டுச் சாப்பாடு பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, முதல் பிரதியை உப்புவெளியில் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, சலரோகம் (நீரிழிவு), முழங்கால் உழைவு.

நாலாம் நாள் போனால் அடுப்படியில் மீன் மணமே இல்லை. கேட்டேன். "உடம்புக்குள்ள கனல் எண்டு நீதானே மகன் எழுதினாய். சூரை, கீரி, றால் எல்லாம் சூடு, கிரந்தி. நிப்பாட்டிப்போட்டன்." மேசையில் ஒரு கிளாஸ் நன்னாரிச் சர்பத், மேலே கசகசா மிதக்கிறது, அடியில் கரையாத சீனி அரை விரல் கனத்துக்குப் படிந்திருக்கிறது. குளிர்ச்சிக்காம், நாளுக்கு இரண்டு தரம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவதையும் விட்டுவிட்டார். அங்கே ஏழு கிணற்றுக்கும் ஏழு விதமான சூடு, அவர் தனக்கு ஒத்துவரும் கிணற்றைப் பார்த்து முழங்காலில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வந்தால் இரண்டு நாளைக்கு நோ குறைந்து நன்றாக நடப்பார். "சூட்டுக்கு மேல சூடு கூடாது" என்று அதுவும் நின்றுபோயிற்று.

மீன் சாப்பிடுங்கள், சீனியைக் குறையுங்கள் என்று நான் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். தலைப்பில் இருந்த ஒரு சொல் உள்ளே இருந்த இருபது வரியையும் விழுங்கிவிட்டது. எங்கள் ஆட்களுக்குச் சூடு, குளிர்ச்சி என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு முழுக் கணக்கு, எந்த மீன், எந்தக் காய், எந்த நேரம் குளிப்பது எல்லாம் அதில் இருக்கிறது. நெருப்பை நினைவூட்டும் புதுச்சொல் ஒன்றை நாங்கள் கொடுத்தால் அவர்கள் அதை அந்தக் கணக்கில்தான் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. இலத்தீனும் தீ மூட்டுவதிலிருந்துதான் 'இன்ஃபிளமேஷன்' என்ற சொல்லை எடுத்தது, எங்கள் பழைய 'தாபிதம்' என்பதும் சூடுதான், எல்லோரும் முதலில் நெருப்பிடம்தான் போயிருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது: சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்றால் வாதம், பித்தம், கபம். கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளை ஒருவர், 'அழல்தணி உணவு' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு "இது பித்தம் குறைக்கிற சாப்பாடுதானே அண்ணா?" என்று கேட்டார். ஆகவே 'அழல்' தனியாக நிற்கும் சொற்களை அவர்களுக்கே விட்டுவிடுவோம், '-சி' சேர்ந்த அழற்சியை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்வோம்.

சரி, நெருப்பு வேண்டாம் என்றால் எதைப் பிடிப்பது? இந்த நோயில் உண்மையில் பிழையாகிப்போவது எது என்று பார்த்தேன். அழற்சி தொடங்குவது பிழையே இல்லை, அது இல்லாவிட்டால் ஒரு கீறல்கூட மாறாது. வேலை முடிந்ததும் அது அடங்காமல் நிற்பதுதான் பிழை. முன்பெல்லாம் அழற்சி எரிபொருள் தீர்ந்த அடுப்பு மாதிரித் தானாக ஓய்ந்துவிடும் என்று நினைத்தார்கள். ஆய்வாளர் சார்ல்ஸ் செர்ஹானின் குழுவினர் ரிசால்வின் என்ற பொருள்களைக் கண்டுபிடித்த பிறகு, உடம்பு முனைந்து வேலை செய்துதான் அழற்சியை முடித்துவைக்கிறது என்று தெரிந்தது. அந்த ரிசால்வினை உடம்பு செய்வது எதிலிருந்து? மீன் கொழுப்பில் உள்ள ஒமேகா-3 அமிலங்களிலிருந்து. பெரியம்மா நிறுத்திவிட்ட அதே மீன்.

இப்படித் தொடங்கியது முடிந்து அடங்குவதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது: ஆறுதல். புண் ஆறும், தேத்தண்ணி ஆறும், கோபம் ஆறும், மனம் ஆறும். குறளிலேயே தீச்சுட்ட புண் 'உள்ளாறும்' என்று வருகிறது. தன்வினை ஆறு, பிறவினை ஆற்று, இரண்டும் கையில் இருக்கின்றன. நோயின் பெயர் ஆறா அழற்சி, செய்ய வேண்டியது அதை ஆற்றுவது. ஒரே வேரில் நோயும் பரிகாரமும் வந்துவிடுகின்றன.

சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சலரோகக்காரருக்குக் காலில வாற ஆறாப்புண் மாதிரி, இது உள்ளுக்கையோ?" என்றார். ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் விளக்கம் சொல்லாமலே "உள்ளுக்க ஏதோ மாறாம நிக்குது" என்று பிடித்துக்கொண்டார். எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவுக்கும் பிடித்திருக்கிறது. நாலாவது ஆள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவர்தான் மறுத்தார். 'ஆறாத் துயர்' என்று மரண அறிவித்தல்களில் போடுகிறோமே, அந்த ஆறா என்றென்றைக்கும் ஆறாதது, நோயாளிக்கு நம்பிக்கை போய்விடும் என்றார். இது பாரமான மறுப்பு, நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆறாப்புண் என்று சொல்லிக்கொண்டேதான் சனங்கள் மருந்து கட்டப் போகிறார்கள், ஆறி வருகிறவர்களும் உண்டு என்பது என் பதில். ஆனாலும் நோயாளிகளுக்கான எழுத்தில் முதல் தடவை 'ஆறாமல் நிற்கும் அழற்சி' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கமாக 'ஆறா அழற்சி' என்று போடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

எழுத்து முறை: இலக்கணப்படி ஆறாவழற்சி. சேர்த்து எழுதினால் அழற்சி என்ற சொல் மறைந்துபோகும், தேடினாலும் அகப்படாது. பிரித்தே எழுதுவோம்.

அடுத்து, இதோடு தொங்கிக்கொண்டிருக்கும் 'அழற்சி எதிர்ப்பு உணவு'.

> எல்லா இடத்திலும் 'எதிர்ப்பு' என்றுதான் புழங்குகிறது, மாற்றினால் குழப்பம்.

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வைப் பாருங்கள். மாரடைப்பு வந்து தப்பிய 10,000 பேருக்கு மேல், இரத்தக் கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி. நடு அளவு ஊசி போட்டவர்களில் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தன, ஆறா அழற்சி இதயத்தைக் கெடுக்கிறது என்பதற்கு அது பெரிய சான்று. ஆனால் அதே ஊசி போட்டவர்களில் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். காவல்காரனையே கட்டிப்போட்டால் அதுதான் நடக்கும். அழற்சி எங்கள் பகை என்று 'எதிர்ப்பு' சொல்கிறது, அது சரியில்லை. இபுப்ரொபன், டைக்லோபெனக் போன்ற நோவுக் குளிசைகள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள் உடம்பில் சுரப்பதைத் தடுத்து அழற்சியை அமுக்குகின்றன (அஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று மருந்தியல் ஆய்வாளர் ஜோன் வேன் 1971இல் காட்டினார்), ஆகவே அவை 'அழற்சி அடக்கி'. சாப்பாடு செய்வது அதையல்ல, ஆற உதவுவது. 'ஆற்றுணவு' என்று சுருக்கினால் ஆற்றுமீன் மாதிரி ஆகிவிடும், 'அழற்சி ஆற்றும் உணவு' என்று முழுசாகவே இருக்கட்டும். இரண்டு சொல்லும் வேறுவேறாக இருந்தால், சாப்பாட்டை மாற்றியதும் வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிடும் ஆட்களும் குறைவார்கள்.

துண்டுப்பிரசுரத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். வெளிநாட்டுப் பட்டியல்களில் சால்மன், ஒலிவ் எண்ணெய், புளூபெரி என்று இருக்கும், அதையெல்லாம் எடுத்துவிட்டேன். இங்கே சூடை, சாளை, கீரி இருக்கின்றன, மலிவான மீன், ஒமேகா-3 நிறைய. பொரிக்காமல் குழம்பாக வைத்தால் நல்லது. தீட்டாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கௌபி, முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல். இவற்றின் நார்ச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று, குடற்சுவரைக் காக்கும் அமிலங்களைத் தருகின்றன. மஞ்சளைத் தனியாக எழுதாமல் மிளகோடு சேர்த்தே எழுதினேன்: 1998இல் வந்த ஓர் ஆய்வில் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் 2 கிராமோடு மிளகின் பிப்பரீன் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் ஏறக்குறைய 20 மடங்கு கூடியது. ஆனால் சொதியில் போடும் மஞ்சளில் குர்குமின் மிகக் கொஞ்சம், அதை மருந்து என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, கறிக்கு நல்லது என்று நிறுத்திக்கொண்டேன்.

கூடுதல் இடம் கொடுத்தது சீனிக்கு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராம், கிட்டத்தட்ட ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது மேலும் நல்லது என்கிறது. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நாலு தரம் குடித்தால் அதுவே எட்டு, பணிஸும் சர்பத்தும் இன்னும் கணக்கில் வரவில்லை. தூக்கம், பல் துலக்குவது, கிழமைக்கு 150 நிமிடம் நடை எல்லாவற்றையும் ஒரே பந்தியில் முடித்தேன். நடக்க இங்கே கடற்கரை இருக்கிறது, பின்னேரம் நாலரைக்குப் பிறகு வெயிலும் தணிந்துவிடும்.

பெரியம்மா மீனுக்குத் திரும்பிவிட்டார். நேற்றுப் போனபோது சூடையைச் செதில் போக்கிச் சட்டியில் அலசிக்கொண்டிருந்தார், சர்பத் போத்தல் அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கன்னியாவுக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் மீதி. அழற்சி முடிந்து அடங்கும் அந்தக் கட்டத்துக்குப் பெயர்ச்சொல் வேண்டும். 'ஆறல்' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது அடுப்பு அணைந்துபோன உணர்வைத் தருகிறதோ என்று ஒரு ஐயம். 'ஆற்றம்' என்றால் ஆற்றலோடு மயங்கும். 'ஆறுகை' சரிவருமா? அச்சுக்குக் கொடுக்க வரும் வெள்ளி வரை நேரம் இருக்கிறது, அதற்குள் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.