பன்மொழியம் படிக்க ஒரு பட்டமா?

கரூர் அக்கா:
தம்பி இளங்கலை ஆங்கிலம் முடித்துவிட்டான். இனி மொழியியல் முதுகலையில் சேர்ந்து பன்மொழியத்தை ஆராயப் போகிறானாம். வெவ்வேறு மொழிக்காரர்கள் எப்படிப் பேசிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் பாடமாம். அப்பா இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை. இது காசு கட்டிப் படிக்க வேண்டிய விஷயம்தானா?

ஓசூர் வியாபாரி:
நான் அப்பா பக்கம். என் மளிகைக் கடைப் பையன் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன். தெலுங்கில் விலை சொல்வான், கன்னடத்தில் பேரத்தை முடிப்பான், என்னிடம் தமிழில் கணக்கு ஒப்பிப்பான். வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களிடம் இந்தியும் பழகிவிட்டான். அவனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது?

மொழியியல் மாணவி:
அந்தப் பையனைத்தான் ஐயா நாங்கள் படிக்கிறோம்! மொழி தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு மொழியியல் அறிஞர் ஜான் கம்பர்ஸ் 1982இல் எழுதிய ஒரு நிகழ்ச்சி. பிரிட்டனில் ஒரு விமான நிலையம். ஊழியர் உணவகத்தில் பரிமாற இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் வந்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே, மரியாதை தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கிவிட்டார்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்து கேட்டதில் சிக்கல் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. உள்ளூர்ப் பெண்கள் "கிரேவி?" என்று குரலை ஏற்றிக் கேட்பார்கள். நம் பெண்கள் "கிரேவி" என்று குரலை இறக்கி முடிப்பார்கள். அவர்கள் பழக்கத்தில் அதுதான் கேட்கும் முறை. தட்டை நீட்டியவருக்கோ, "இதுதான் இருக்கிறது, வேண்டுமானால் எடு" என்று காதில் விழுந்தது. இரு தரப்புக்கும் ஆங்கிலம் தெரியும். அப்படியும் மனத்தாங்கல்.

மைசூர்வாசி:
மாணவி பாதியைத்தான் சொன்னார். அதே கம்பர்ஸ், வில்சன் என்பவரோடு சேர்ந்து 1971இல் எழுதிய குப்வார் கட்டுரையையும் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்தில் சாங்லி பக்கத்துக் கிராமம். கன்னடம், மராத்தி, உருது மூன்றும் பல தலைமுறையாகப் புழங்கி, இலக்கணமே ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. ஒரு மொழி வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் கிட்டத்தட்ட அடுத்த மொழி வாக்கியம் வந்துவிடும். இதைச் செய்தவர்கள் உழவர்கள், பேராசிரியர்கள் அல்லர்.

மொழியியல் மாணவி:
உண்மைதான். ஆனால் இலக்கணம் இவ்வளவு நெருங்கிய பிறகும், வெளியே மராத்தி பேசிய சமணர்கள் வீட்டுக்குள் ஏன் கன்னடத்தை விடவில்லை? அந்தக் கேள்வியை உழவர் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. யாராவது கேட்க வேண்டும்.

திருப்பூர் செவிலியர்:
எனக்குக் கட்டுரையெல்லாம் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், கூடவே அவரை வேலைக்கு அழைத்துவந்த மேஸ்திரி. அந்தப் பெண் நெஞ்சைத் தொட்டு, முதுகைத் தொட்டு, விரல்விட்டு நாள் எண்ணி நெடுநேரம் பேசினார். மேஸ்திரி மருத்துவரிடம் சொன்னது: "வயிற்று வலியாம்." அவருக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். மறுநாளே அந்தப் பெண் வேலைக்கு வந்தாக வேண்டும் என்பதும் தெரியும். நாங்கள் சைகையிலேயே மறுபடியும் முதலிலிருந்து கேட்டோம். இடையில் நின்று பேசுபவர் எதை விடுகிறார், ஏன் விடுகிறார் என்று யாராவது படித்து எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

கரூர் அக்கா:
இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சரி, சம்பளம் எவ்வளவு?" என்றார்.

மொழியியல் மாணவி:
அதற்குத்தான் எனக்கும் பதில் வராது அக்கா. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு, முனைவர் பட்டம், பிறகு ஆசிரியர் பணி என்று நீண்ட வழி. மொழித் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில ஆளெடுக்கின்றன. அரசு வேலை கைமேல் கிடைக்கும் என்று தம்பியை நம்ப வைக்காதீர்கள்.

ஓசூர் வியாபாரி:
அப்படிச் சொல்லுங்கள், சம்பளத்தில் நான் சொன்னதுதான் நிற்கிறது. ஆனால் செவிலியர் அம்மா எழுதியதைப் படித்தபின் பையனைச் சோதித்துப் பார்த்தேன். காலையில் ஒரு கன்னடக்காரர் வந்து இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் பேசினார். என்ன என்றேன். "அரிசி சரியில்லையாம்" என்றான். அவ்வளவுதானா என்று கேட்டேன்.

"மற்றதெல்லாம் உங்களைத் திட்டியது" என்றான்.