மொடிஃபயர் கீ: தமிழில் என்ன எழுதுவது? (கைநூல் வெள்ளியன்று அச்சுக்கு)

ஹட்டன், கணினி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்.

தோட்டப் பாடசாலைகளின் கணினி அறைகளுக்காக எழுதிய கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. லெப்டொப்பில் டெஸ்க்டொப்பைச் சொடுக்கினால் ஏன் வேறு ஏதோ நடக்கிறது, கொன்ட்ரோல் + சி போன்ற குறுக்குச்சாவிகள் ஏன் வேலை செய்வதில்லை, பிள்ளைகளே எப்படிப் பிழையைப் பிடிப்பது என்பதுதான் பொருள். எல்லாம் எழுதியாயிற்று. மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல் மட்டும் இடறுகிறது. சேர்த்து அழுத்தும்போது மற்றொரு சாவியின் வேலையை மாற்றுகிற கொன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் ஆகிய நான்குக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் மொடிஃபயர் கீ என்கிறார்கள். நமக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். அந்தப் பந்தி இப்படி இருக்கிறது:

"ஒரு படவுருவைச் சொடுக்கிவிட்டு அடுத்ததைச் சொடுக்கும்போது இரண்டும் தெரிவாகி நின்றால், சுட்டியின் சக்கரத்தை உருட்ட டெஸ்க்டொப் படவுருக்கள் பெருத்துச் சிறுத்தால், கொன்ட்ரோல் அழுந்திக் கிடக்கிறது. இரண்டு சொடுக்குகளுக்கு நடுவில் உள்ளவை எல்லாம் தெரிவானால் ஷிஃப்ட். அந்த நிலையில் டிலீட்டைத் தொடாதே. கோப்பு மீள்சுழற்சித் தொட்டிக்குப் போகாது, நிரந்தரமாக அழிக்கவா என்றுதான் கேட்கும். இரட்டைச் சொடுக்கில் கோப்பு திறக்காமல் பண்புகள் பெட்டி வந்தால் ஆல்ட். ஈ (E) தட்டினால் கோப்புறை திறந்து, எல் (L) தட்டினால் திரை பூட்டிக்கொண்டால் விண்டோஸ்."

எட்டாம் வகுப்புப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கக்கூடிய சொல்லாக இருக்கட்டும்.

மாத்தளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். பந்தி நன்று. சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். சி என்ற விசை தனியே நின்றால் எழுத்து. கொன்ட்ரோலோடு புணர்ந்தால் நகலெடு என்ற கட்டளையாகத் திரிகிறது. ஆகவே "திரிவிசை". திரிதல் தன்வினை, இந்த விசையோ பிறிதொன்றைத் திரிப்பது என்று யாராவது கேட்டால், "திரிப்பு விசை" என்று பிறவினையாக்கிக் கொள்ளலாம்.

இன்னொன்று. சாவி போர்த்துக்கேயச் சொல். பலகை மட்டும் தமிழாக இருந்து என்ன பயன்? கைநூல் முழுவதும் விசை, விசைப்பலகை என்று மாற்றிவிட இன்னும் நாள் இருக்கிறது.

பண்டாரவளை, கணினி பழுதுபார்ப்பவர் எழுதியது:

> ஆகவே "திரிவிசை"

சேர், இலக்கணம் சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் பால் கெட்டுப்போனால் "திரிஞ்சு போச்சு" என்பார்கள். பழுது பார்க்கும் கைநூலில் "திரிவிசை" என்று படிக்கிற பிள்ளை, கெட்டுப்போன விசை என்றுதான் எடுத்துக்கொள்ளும். நல்ல சாவிக்கே அந்தப் பெயர் வைத்தால் மூன்றாம் பக்கம் தலைகீழாகிவிடும். சாவி போர்த்துக்கேயம் என்றால் மேசையும் அலமாரியும் ஜன்னலும் பாணும் போர்த்துக்கேயம்தான். கடைக்கு வருகிறவர் "சாவி அமுங்கல" என்கிறார். விசை என்று யாரும் சொல்வதில்லை.

சொல்லைவிட எனக்குப் பெரிய கவலை, பந்தியில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒன்றாகக் கிடப்பது. சாவி உண்மையாகவே சிக்கியிருக்கலாம். அல்லது ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி தெரியாமல் தொடங்கியிருக்கலாம். ஷிஃப்டை ஐந்து தரம் தட்டினால் அந்த வசதியைக் கேட்கும் பெட்டி வரும். விளையாட்டு ஆடுகிற பிள்ளைகள் வாசிக்காமல் ஆம் என்று கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு கொன்ட்ரோலை ஒரு தரம் தட்டி விட்டாலே அடுத்த சாவி வரை அது பிடித்திருக்கும். இரண்டு தரம் தட்டினால் பூட்டிக்கொள்ளும், மூன்றாம் தரம் தட்டினால்தான் விடும்.

பிரித்தறிய எளிய வழி திரைச் சாவிப்பலகை. ஓடு (ரன்) பெட்டியில் அதன் பெயரைத் தட்டித் திறக்கச் சொல்லாதீர்கள், கொன்ட்ரோல் சிக்கிய கணினியில் தட்டவே முடியாது. சுட்டியாலேயே அமைப்புகளுக்குப் போய், அணுகல்தன்மை, சாவிப்பலகை என்று திறக்க வேண்டும். விண்டோஸ் 10இல் அந்தப் பிரிவுக்கு ஈஸ் ஒஃப் அக்செஸ் என்று பெயர். கை வைக்காமலேயே அதில் ஒரு சாவி நிறம் மாறி நின்றால் அதைக் குறித்துக்கொண்டு, அதே பக்கத்தில் ஸ்டிக்கி கீஸை நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறம் போய்விட்டால் வசதி; போகாவிட்டால் சாவி.

சாவிதான் என்றால் காரணம் பெரும்பாலும் சீனி போட்ட தேத்தண்ணி. மேல்கொத்மலைப் பக்கம் மே முதல் செப்ரெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் விடாது. காய்ந்த சீனி ஈரக்காற்றில் மறுபடி பசையாகும். எங்கள் ஊவாப் பக்கத்தில் அதே தொல்லை நவம்பருக்குப் பிறகு வருகிறது. கணினியை முழுவதும் நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டிவிட்டு, 90 வீதத்துக்குக் குறையாத ஐசோபுரோப்பைல் மதுசாரத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுச் சாவியின் ஓரமாகத் துடைக்க வேண்டும். சொட்ட விடக்கூடாது. ஷிஃப்ட், ஸ்பேஸ் போன்ற நீளச் சாவிகளை நெம்பவே கூடாது. அடியில் கம்பி இருக்கிறது. அது வளைந்தால் சாவி மறுபடி நேராக உட்காராது.

பதுளை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அண்ணன் சொல்லும் குழப்பம் தமிழில் இன்னும் கூடும். ஸ்டிக்கி கீயை நான் "ஒட்டுசாவி" என்று எழுதிப் பார்த்தேன். வினைத்தொகை ஆகையால் வல்லினம் மிகாது, ஊறுகாய், சுடுசோறு போல. ஆனால் வினைத்தொகை முக்காலமும் காட்டும்: ஒட்டிய சாவி, ஒட்டுகின்ற சாவி, ஒட்டும் சாவி. தேத்தண்ணி பட்டு ஒட்டிய சாவியும் வசதியால் ஒட்டும் சாவியும் ஒரே சொல்லில் அடங்கிப்போகின்றன. கைநூல் பிரிக்க வேண்டிய இரண்டை இலக்கணம் சேர்த்துவிடுகிறது. அதனால் பழுதுக்கு "சிக்கிய சாவி", வசதிக்கு "நீங்காச் சாவி" என்று வைப்போம்.

பொதுப்பெயருக்கு என் முன்மொழிவு "துணைச்சாவி". துணைவினை என்பது பிள்ளைகள் படித்த சொல். "வந்துவிடு" என்பதில் விடு தன் பொருளை இழந்து வா என்பதற்குத் துணை நிற்கிறது. ஷிஃப்டும் தனியே ஒன்றும் எழுதாது. பக்கத்துச் சாவியின் வேலையை மாற்றித் தரும்.

மாத்தளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

> ஷிஃப்டும் தனியே ஒன்றும் எழுதாது

ஷிஃப்ட் எழுதாது. விண்டோஸ் விசை தனியே அழுத்தினால் தொடக்கப் பட்டியைத் திறக்கிறதே? ஆல்ட் தனியே பல மென்பொருள்களில் பட்டியலுக்குத் தாவுகிறது. இரண்டும் தலைமை வினையாகவும் துணைவினையாகவும் வருகின்றன என்று சமாதானம் சொல்லலாம்தான். "விடு"வும் அப்படியே.

இதைவிடப் பொருத்தமான ஒன்று நம் எழுத்திலேயே இருக்கிறது. நீங்கள் எல்லோரும் "ஷிஃப்ட்" என்று எழுதும்போது நடுவில் நிற்பது என்ன? ஆய்தம். அது பகரத்துக்கு முன்னே வந்து அதன் ஒலியை மாற்றுகிறது. தனியே அதற்கு வேலை இல்லை. தமிழ் நெடுங்கணக்கின் மொடிஃபயர் ஆய்தமே. ஆய்தல் என்ற உரிச்சொல்லைத் தொல்காப்பியம் "உள்ளதன் நுணுக்கம்" என்ற பொருளில் ஓதுகிறது. உள்ள ஒன்றையே நுணுக்குவது! ஆய்தம் சார்பெழுத்து, அந்த வழியில் "சார்விசை" என்க. அல்லது துணிந்து "ஆய்தவிசை" என்க.

பண்டாரவளை, கணினி பழுதுபார்ப்பவர் எழுதியது:

சேர், ஆய்தவிசையைப் பிள்ளைகள் ஆயுதவிசை என்றுதான் வாசிக்கும்.

பேராதனை, மாணவர் எழுதியது:

நான்குக்கும் பொதுப்பெயர் தேடுவதற்கு முன் கொன்ட்ரோலுக்கே தமிழ் வைத்தால் என்ன? மலையகத்தின் சொந்தச் சொல் இருக்கிறது: கண்காணி, தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்தவர். கண் + காணி. கங்காணி என்ற வடிவில் ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் போன தமிழ்ச்சொல். "கண்காணிச் சாவி" என்று வைத்து, மற்ற மூன்றையும் அதன் இனமாகச் சொல்லலாம்.

ஹட்டன், கணினி ஆசிரியை எழுதியது:

தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தச் சொல்லை அந்தப் பிள்ளைகளின் கைநூலில் நான் போட மாட்டேன். தொழிலாளியின் கடனை எழுதிய துண்டோடு ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய காலத்தில் அந்தக் கடனைப் பிடித்திருந்தவர் கங்காணி. 1921இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. அதன் நினைவு தொழிலாளர் வாழும் லயங்களில் ஒழியவில்லை. பிள்ளை நாளெல்லாம் விரல் வைக்கும் சாவிக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

பொருளும் பொருந்தவில்லை. கொன்ட்ரோல் எதையும் மேற்பார்வை செய்யவில்லை. டெலிடைப் என்ற தொலைத்தட்டச்சு இயந்திரக் காலத்தில், 1963இல் வந்த, எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் ஆஸ்கி குறியீட்டில், அச்சாகாத கட்டளைக் குறிகளை அனுப்பத்தான் அந்தச் சாவி பயன்பட்டது. கொன்ட்ரோலும் ஜீயும் சேர்ந்தால் மறுமுனையில் மணி அடிக்கும். "கட்டளைச் சாவி" என்றால் பொருந்தும். ஆனால் ஆப்பிள் கணினியில் கமாண்ட் என்றே வேறொன்று இருக்கிறது. தனிப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விடுவோம். சாவியின் மேல் அச்சடித்திருப்பதும் அதுதானே.

பேராதனை, மாணவர் எழுதியது:

ஏற்கிறேன் டீச்சர். கங்காணியை விட்டுவிடுவோம்.

ஆனால் துணைச்சாவி என்று கேட்டால் மாற்றுச்சாவி, அதாவது பூட்டுக்கு இரண்டாவதாக வெட்டி வைத்திருக்கும் சாவி நினைவுக்கு வராதா? "கூட்டுச்சாவி" என்றால் கூட்டி அழுத்துவது என்று உடனே விளங்கும்.

பதுளை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

> "கூட்டுச்சாவி" என்றால் கூட்டி அழுத்துவது

கூட்டப்படுவது இரண்டும்தான். கொன்ட்ரோல் + சி என்பதில் சியும் கூட்டில் ஒன்று. கூட்டுச்சாவி என்பது முழுச் சேர்க்கைக்கு, அதாவது குறுக்குச்சாவிக்குப் பொருந்தும். அதன் ஓர் உறுப்புக்குப் பொருந்தாது.

குறுக்குச்சாவி பற்றி நாலாம் பக்கத்துக்கு ஒரு திருத்தம். டெஸ்க்டொப் குறுக்குவழிப் படவுருவின் பண்புகளில் ஒரு சாவிச் சேர்க்கையை நாமே கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படவுரு டெஸ்க்டொப்பிலோ தொடக்கப் பட்டியிலோ இருந்தால்தான் சேர்க்கை வேலை செய்யும். "டெஸ்க்டொப்பைத் துப்புரவாக்குகிறேன்" என்று வேறு கோப்புறைக்கு இழுத்துப் போட்டால் சாவி செத்துவிடும், பிள்ளை சாவிப்பலகையைக் குறை சொல்லும். இன்னொரு மென்பொருள் முந்திக்கொண்டு அதே சேர்க்கையைப் பதிந்திருந்தாலும் இதே நிலைதான். பின்னணியில் ஓடும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களையும் திரைப்பிடிப்பு மென்பொருள்களையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பண்டாரவளை, கணினி பழுதுபார்ப்பவர் எழுதியது:

அதோடு, எந்தச் சாவியும் சிக்காமல் டெஸ்க்டொப் மட்டும் சொடுக்குக்கு அசையாமல் நின்றால் கணினியை அணைக்கத் தேவையில்லை. கொன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, பணி மேலாளரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தெரிவுசெய்து மறுதொடக்கம் கொடுத்தால் போதும். பணிப்பட்டை ஒரு கணம் மறைந்து திரும்பும். பிள்ளைகள் பயப்பட வேண்டாம் என்றும் ஒரு வரி எழுதுங்கள். வலச்சொடுக்கு மட்டும் போனால் படவுருவைத் தெரிவுசெய்து ஷிஃப்ட் + எஃப்10. அதில் பட்டியல் வந்தால் கோளாறு சுட்டியிலோ தொடுபலகையிலோதான்.

சாவிப்பலகை முழுவதும் செத்தது போலிருந்தால் ஃபில்டர் கீஸையும் பார்க்க வேண்டும். வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்திருந்தாலே அதைத் தொடங்கவா என்று கேட்கும். தொடங்கிவிட்டால் பட்டுப் பட்டென்று தட்டுவதை எல்லாம் கணினி தள்ளிவிடும். "வடிகட்டிச் சாவி" என்று போடலாம். இதற்கு யாரும் சண்டை பிடிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பெயருக்கு என் ஓட்டு துணைச்சாவி.

மாத்தளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

வடிகட்டிக்கு மறுப்பில்லை. நீங்காச் சாவியும் நன்று, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகுந்தது முறை. துணைச்சாவிக்கு மட்டும் உடன்படவில்லை. சார்ந்து நிற்பது வேறு, துணை நிற்பது வேறு. சாவியையும் நான் ஏற்கவில்லை. என் சொற்றொகுதியில் சார்விசை என்றே இருக்கும்.

ஹட்டன், கணினி ஆசிரியை எழுதியது:

சேர், உங்கள் மறுப்பை மதிக்கிறேன். அச்சகம் காத்திருக்கிறது, பெரும்பாலோர் சொன்னபடி "துணைச்சாவி" என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் "கொன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் போன்ற துணைச்சாவிகள்" என்று எழுதிவிட்டால் மாற்றுச்சாவி மயக்கம் வராது. பழுதுக்கு சிக்கிய சாவி, வசதிக்கு நீங்காச் சாவி, மற்றது வடிகட்டிச் சாவி.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். லெப்டொப்பில் எஃப்1, எஃப்2 போன்ற சாவிகளின் வேலையை மாற்றும் எஃப்என் (Fn) சாவியைப் பட்டியலில் சேர்ப்பதா?

பண்டாரவளை, கணினி பழுதுபார்ப்பவர் எழுதியது:

சேர்க்காதீர்கள். எஃப்என் அழுத்தப்பட்டதைச் சாவிப்பலகையின் உள்சில்லே (சிப்) பார்த்துக்கொள்கிறது. பொதுவாக விண்டோஸுக்கு அது தெரியவே வராது. திரைச் சாவிப்பலகையில் நிறம் மாறாது, நீங்காச் சாவி வசதியும் அதைப் பிடிக்காது. மூன்றாம் பக்கச் சோதனை எதுவும் அதற்குச் செல்லாது.

பதுளை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

உள்சில்லு பார்ப்பது பிள்ளைக்கு எப்படித் தெரியும் அண்ணன்? பெயர் மாற்ற எஃப்2 அழுத்தினால் திரை மங்குகிறது. ஆல்ட் + எஃப்4 அழுத்தினால் சாளரம் மூடவில்லை. பல லெப்டொப்களில் எஃப்என் + எஸ்கேப் அழுத்தி எஃப்என் பூட்டை மாற்றியவுடன் சரியாகிறது. பக்கத்துச் சாவியின் வேலையை மாற்றுவதுதான் நம் வரையறை என்றால் எஃப்என்னை வெளியே நிறுத்த முடியாது. சோதனை செல்லாதது பெயருக்குக் குறையாகாது.

ஹட்டன், கணினி ஆசிரியை எழுதியது:

இதை இன்றிரவு முடிக்க முடியாது. எஃப்என்னுக்குத் துணைச்சாவி என்ற பெயர் போடாமல் ஐந்தாம் பக்கத்தில் தனிக்கட்டமாக, எஃப்என் + எஸ்கேப் வழியோடு வைக்கிறேன். திருத்தப் படி நாளை மாலை வரும்; மூன்றாம், நாலாம் பக்கங்களைப் பண்டாரவளையும் பதுளையும் ஒரு தடவை பார்த்து அனுப்புங்கள்.