சான்றிதழ் மெமரியில் இருக்கிறது, பைத்தான் ஃபைல் பாத் கேட்கிறது

கேள்வி:
லினக்ஸ் கண்டெய்னரில் ஓடும் பைத்தான் 3.11 சர்வீஸ். கிளையன்ட் சான்றிதழும் பிரைவேட் கீயும் ஒரே பெம் (சான்றிதழ், கீ வைக்கும் டெக்ஸ்ட் வடிவம்) ஆக, பைட்ஸாகக் கைக்கு வருகின்றன. அவற்றை ஏற்றும் எஸ்எஸ்எல் மாட்யூலின் லோட்_செர்ட்_செயின் ஃபைல் பாத்தை மட்டுமே வாங்குகிறது. பைட்ஸ்ஐஓ (மெமரியில் ஃபைல் போல நடக்கும் ஆப்ஜெக்ட்) கொடுத்தால் டைப்எரர். கீயை டிஸ்க்கில் எழுதவே கூடாது என்று செக்யூரிட்டி டீம் கறாராகச் சொல்லிவிட்டது. என் மேக்கில் நேம்ட்டெம்பரரிஃபைலில் (டிஸ்க்கில் உருவாகும் தற்காலிக ஃபைல்) எழுதிப் பார்த்தேன், 'பெம் லிப்' என்று ஒரு எரர். வேறு வழி உண்டா?

பதில் 1:
எழுதிய பிறகு ஃப்ளஷ் செய்து பஃபரை ஃபைலுக்குத் தள்ளினீர்களா? டேட்டா பைத்தான் பஃபரிலேயே நின்றிருக்கும். எஸ்எஸ்எல் மாட்யூலுக்கு அடியில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி தனியாகத் திறந்து பார்த்தால் காலி ஃபைல்தான். சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழாக இருந்தால் லோட்_வெரிஃபை_லொகேஷன்ஸில் 'சிஏடேட்டா' என்று நேரடியாகவே கொடுக்கலாம். கீக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கேட்டவர்:
ஃப்ளஷ்தான் காரணம், நன்றி அண்ணா. ஆனால் அது டிஸ்க்காச்சே. சர்வரில் பைப் திறந்து /டெவ்/எஃப்டி பாத்தைக் கொடுத்தேன். சான்றிதழைப் படித்துவிட்டு, கீக்கு வந்ததும் விழுந்துவிடுகிறது.

பதில் 2:
விழத்தான் செய்யும். கீஃபைல் தராவிட்டால் அதே பாத்தை இரண்டாம் முறை திறந்து கீயைத் தேடும். பைப்பில் படித்தது படித்ததுதான், திரும்ப வராது.

ஓஎஸ்.மெம்எஃப்டி_கிரியேட் பாருங்கள். லினக்ஸ் கெர்னல் 3.17, பைத்தான் 3.8 முதல் இருக்கிறது. மெமரியில் மட்டுமே வாழும் ஃபைல். அது தரும் எண்ணில் (ஃபைல் டிஸ்கிரிப்டர், சுருக்கமாக எஃப்டி) ஓஎஸ்.ரைட் செய்து, '/ப்ராக்/செல்ஃப்/எஃப்டி/' பின்னால் அந்த எண்ணை ஒட்டிப் பாத்தாகக் கொடுங்கள். அந்தப் பாத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே படிக்கும், சீக் வேண்டாம். லோட் ஆனதும் குளோஸ் செய்துவிடலாம், ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பிரதியை எடுத்துக்கொண்டிருக்கும்.

ஒன்று மட்டும்: இதே பாத்தை சப்பிராசஸுக்கு அனுப்பினால் 'செல்ஃப்' என்பது அந்தப் பிராசஸாகிவிடும். எஃப்டியை அந்தப் பிராசஸுக்குக் கடத்தும் பாஸ்_எஃப்டிஸ் போட மறந்து நான் ஒரு மதியம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கேட்டவர்:
ஓடுகிறது! மேக்கில் மெம்எஃப்டி இல்லை, அங்கே டெஸ்ட் கீ என்பதால் டெம்ப் ஃபைலே போதும்.

பதில் 1:
சரி, சர்வரில் ஸ்வாப் (மெமரி நிறைந்தால் அதன் பக்கங்களை ஒதுக்கும் டிஸ்க் இடம்) இருக்கிறதா? மெம்எஃப்டி பக்கங்களும் ஸ்வாப்புக்குப் போகலாம், அப்புறம் அதுவும் டிஸ்க்தான்.

கேட்டவர்:
ஐயோ. இன்ஃப்ரா ஆட்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.